ரெட்டு விழுந்தால் ஃபாலோ



சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கொடுங்கையூர் எழில் நகரிலோ முத்தமிழ் நகரிலோ ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பாருங்கள். எங்காவது 'கலர் கலர்' விளையாட்டு நடந்துகொண்டிருக்கும். நடுவில் நிற்கும் பிள்ளையிடம் எந்த நிறம் வேண்டும் என்று மற்ற பிள்ளைகள் சேர்ந்து கத்திக் கேட்பார்கள். ஆங்கிலத்திலேயே, முழு வாக்கியமாகவே கேட்பார்கள். அவள் ஒரு நிறத்தின் பெயரைச் சொன்னதும் ஓட்டம்தான். எல்லோ என்றால் ஓரமாக நிற்கும் ஆட்டோவைத் தொட வேண்டும், ப்ளூ என்றால் வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம்மை, கிரீன் என்றால் யாரோ ஒருத்தியின் பாவாடையை. தொடாதவர் அவுட். நான்கு வயதுத் தம்பிகூட அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சரியான நிறத்தை நோக்கித்தான் ஓடுகிறான். அதே பிள்ளையை வீட்டில் உட்கார வைத்து, நோட்டில் மஞ்சள் வட்டத்தைக் காட்டி, "வாட் கலர் இஸ் திஸ்?" என்று கேட்டால், பதில் வராமல் அம்மாவின் முகத்தையே பார்க்கிறான்.

தெருவில் தெரிந்தது வீட்டில் ஏன் மறந்துபோகிறது? இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது இதைப் பற்றித்தான்.

நம் இதழுக்கு வடசென்னையிலிருந்து எழுதும் அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு இங்கிலீஷ் வராது. பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக் குடுக்கறது?" துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவரின் மனைவியும் கேட்கிறார், எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிறவரும் கேட்கிறார், மணலியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவரும் கேட்கிறார். வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவாகப் பள்ளிக் கட்டணம் நிற்கும் வீடுகள் இவை. அந்தக் கட்டணத்தை அவர்கள் கட்டுவதே ஆங்கிலத்துக்காகத்தான். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். வேலைக்கான நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்த அப்பாவுக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் யாரிடமோ நீட்டிய அம்மாவுக்கும் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே ஆங்கிலம் உங்கள் வீட்டில் இருக்கிறது.

கேரம் பலகையிலிருந்தே தொடங்கலாம். கேரம் நம் பக்கத்து விளையாட்டு. 1991-லும் 1995-லும் உலக சாம்பியனாகி, கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கித் தந்த மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். மூலக்கடையிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் சந்துக்குச் சந்து ஒரு பலகை கிடக்கும். அதைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்ட்ரைக்கர், காயின், பாக்கெட், கட், ஃபவுல், ஃபைன். ரெட்டு போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஃபாலோ விழவில்லை என்றால் ரெட்டு திரும்பப் பலகைக்கு வரும் என்பதும் தெரியும். இந்தச் சொற்களை யாரும் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லித் தரவில்லை, யாரும் தேர்வு வைக்கவும் இல்லை. ஆட்டத்துக்குத் தேவைப்பட்டது, வந்துவிட்டது.

அந்தப் பலகையில் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஐந்து வயதுக் குட்டியிடம் அண்ணன்காரன், "ஹவ் மெனி பிளாக் லெஃப்ட்?" என்று கேட்கட்டும். அவனுக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டியிருக்கிறது. குட்டி விரல் விட்டு எண்ணி "த்ரீ" என்று சொன்னால் அதை வைத்து அவன் அடுத்த அடியை யோசிப்பான். அங்கே குட்டியின் ஆங்கிலம் பயன்பட்டுவிட்டது. ஒரு சொல் பயன்பட்ட பிறகு பிள்ளையின் வாயிலிருந்து அதை யாராலும் பிடுங்க முடியாது.

இதையே முறையாக யோசித்துப் பார்த்தவர் ஒருவர் நம் சென்னையில் இருந்தார். பெயர் என். எஸ். பிரபு. இங்கே பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விப் பொறுப்பில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை, பெங்களூரில் உள்ள வட்டார ஆங்கிலக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து, பெங்களூர், சென்னை, கடலூர் என்று சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். சாதாரணப் பள்ளிகள், நிறைந்த வகுப்புகள், சாக்பீஸும் கரும்பலகையும் காகிதமும்தான் கருவிகள். இலக்கணத்தை வரிசையாக நடத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் முன்னால் ஒரு ரயில் கால அட்டவணையை வைத்தார்கள். இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் எந்த வண்டியில் ஏறுவது? ஒரு வரைபடத்தை வைத்து, இங்கிருந்து அங்கே போக எது குறுக்கு வழி? பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும், பிள்ளையின் கவனமோ ரயிலின் மேல் இருக்கும். கவனம் விஷயத்தின் மேல் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்குகிறது என்பதுதான் பிரபுவின் துணிபு. 1987-ல் அவர் அதைப் புத்தகமாக எழுதினார். இன்று உலகெங்கும் மொழியாசிரியர் பயிற்சிகளில் 'பெங்களூர் திட்டம்' என்ற பெயரில் அது பாடமாக இருக்கிறது. சென்னைப் பிள்ளைகளும் கடலூர்ப் பிள்ளைகளும் பங்கெடுத்த வேலை அது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அவர் வகுப்பில் இருந்தவர்கள் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஆனால் அந்த வகுப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று நான்கு வயதுக்கும் பொருந்தும். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதபோதுதான் பேச்சுக்கு ஒரு வேலை வருகிறது. நோட்டில் இருக்கும் மஞ்சள் வட்டம் அம்மா கண்ணுக்கும் தெரிகிறது, பிள்ளை கண்ணுக்கும் தெரிகிறது. பிறகு எதற்குக் கேட்கிறாள்? சோதிக்கிறாள் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது, தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறது. தெருவில் நிறத்தைச் சொல்லும் பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. காது கூர்மையாகிறது, கால் தயாராகிறது.

ஆகவே, வீட்டில் ஆங்கிலம் பழக்க நினைக்கும் அம்மா அப்பாக்களிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள்.

நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள், முட்டை எத்தனை இருக்கிறது என்று தெரியவில்லை. "பாப்பா, ஹவ் மெனி எக்ஸ்?" பாப்பா போய் எண்ணிப் பார்த்து வந்து சொல்லட்டும். குக்கர் வைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போகிறீர்கள். விசிலை எண்ணும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். ஒன், டூ, த்ரீ என்று அவன் கீழிருந்து கத்தினால் அப்பாவோ பாட்டியோ அடுப்பை அணைப்பார்கள். எண் தப்பினால் சாதம் குழைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும், ஆகவே தப்பாது. தண்ணீர் லாரி வருகிற நாளில் வரிசையில் குடங்கள் நிற்கும். எது ஃபுல், எது எம்டி, எது ஹாஃப் என்று பார்த்துச் சொல்வது பிள்ளையின் பொறுப்பு. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், "ஹூ இஸ் இட்?" வானம் இருட்டுகிறது, மாடியில் துணி கிடக்கிறது, "இஸ் இட் ரெய்னிங்?" இந்த நான்கைந்து கேள்விகளைக் கேட்க ஆங்கிலப் பட்டம் எதற்கு? பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் பரவாயில்லை. "மூணு முட்டை இருக்கும்மா" என்றால், "ஓ, த்ரீ எக்ஸ்!" என்று நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். திருத்த வேண்டாம், இன்னொரு முறை சொல்லச் சொல்ல வேண்டாம்.

சில பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். அம்மாக்கள் பதறிப்போவது அப்போதுதான். இரண்டாம் மொழி பழகும் குழந்தைகளிடம் இந்த மௌனக் காலம் சாதாரணமாகக் காணப்படுவது. வாய் மூடியிருக்கும், காது வேலை செய்துகொண்டிருக்கும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த ஜேம்ஸ் ஆஷர், 1960-களில் இதற்கென்றே ஒரு வழியை உருவாக்கினார். பேசச் சொல்லாதே, செய்யச் சொல். ஜம்ப் என்றால் குதிக்கட்டும், ஸ்டாப் என்றால் நிற்கட்டும், டர்ன் என்றால் திரும்பட்டும். நமக்கு இதற்குப் பாண்டிக் கட்டம் இருக்கிறது. ஓடு ஒன்றும் சாக்பீஸ் ஒன்றும் போதும். கண்ணை மூடிக்கொண்டு "ரைட்டா? ரைட்டா?" என்று கேட்டபடி கட்டம் தாண்டிய பெண்கள்தானே இன்றைய அம்மாக்களில் பலர்?

சொற்களை அறிமுகப்படுத்துவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைச் சொன்னவர் மரியா மாண்டிசோரி. 1939-ல், தம் 69-ஆம் வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவராகி, ஊர் திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கினார், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய மூன்று படிப் பாடம் காய்கறிக் கூடையோடு சரியாகப் பொருந்தும். முதல் படியில் பெயரை மட்டும் சொல்வது: "திஸ் இஸ் எ டொமேட்டோ, திஸ் இஸ் எ ப்ரிஞ்சால்." இரண்டாம் படியில் எடுத்துத் தரச் சொல்வது: "கிவ் மீ தி டொமேட்டோ." மூன்றாம் படியில்தான் "வாட் இஸ் திஸ்?" இரண்டாம் படியில் நெடுநாள் நிற்க வேண்டும். எடுத்துக் கொடு, கூடையில் போடு, பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடு, கழுவு, ஒளித்து வை என்று விளையாட்டெல்லாம் அங்கேதான். நாம் செய்யும் அவசரம், முதல் படியில் கால் வைத்ததும் மூன்றாவதற்குத் தாவுவது. மாமா வந்தாலும் அத்தை வந்தாலும் பிள்ளையை நிறுத்தி, "இது இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லு" என்று கேட்கிறோம். விருந்தாளி முன்னால் பிள்ளையைப் பரீட்சை எழுத வைக்காதீர்கள்.

எல்.கே.ஜி. பிள்ளைக்கு நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து எழுதிவரச் சொல்லும் பள்ளிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பென்சிலை இறுக்கிப் பிடிக்க விரல்கள் இன்னும் தயாராகாத வயது அது. அந்தப் பக்கங்களால் கையெழுத்தும் வருவதில்லை, மொழியும் வருவதில்லை, அழுகை மட்டும் வருகிறது. மணலிலோ கோலமாவிலோ மாவுத் தட்டிலோ விரலால் எழுதட்டும். சென்னையிலிருந்து உலகத்துக்குப் போன வழி அது. 1789-ல் எழும்பூரில், பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளி ஆசிரியர்களுக்கு அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாதது அந்தப் பையனால் ஆயிற்று. பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியராகும் அந்த ஏற்பாடு 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போய்ப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

கொடுங்கையூரில் இந்த எட்டு வயது ஆசிரியர்களுக்குப் பஞ்சமே இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் அக்கா, பள்ளியில் அன்று பாடியதை அவனுக்குப் பாடிக் காட்டுகிறாள், 'டீச்சர் விளையாட்டு' விளையாடுகிறாள், கதவில் சாக்பீஸால் எழுதுகிறாள். "படிக்கிற நேரத்துல என்னடி விளையாட்டு" என்று அவளை விரட்டாதீர்கள். சொல்லிக் கொடுக்கும்போது அவளுக்கும் பாடம் பதிகிறது. ஆனால் அவளுக்கும் விளையாட நேரம் வேண்டும். தம்பியை நாள் முழுக்க அவள் தலையில் கட்டிவிடுவதற்கு நான் சொன்னதைக் காரணமாக்கிக்கொள்ள வேண்டாம்.

தம்பியின் கையில் கைபேசியைக் கொடுத்து ரைம்ஸ் போட்டுவிடும் வழக்கம் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். வேலை முடித்துக் களைத்து வந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதக் கைக்குழந்தைகளில் சிலரோடு சீன மொழிக்காரர்கள் பன்னிரண்டு முறை நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். வேறு சிலருக்கு அதே பேச்சை, அதே பொம்மைகளோடு திரையில் காட்டினார்கள். நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தார்கள். திரையில் பார்த்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. திரை பாடும், ஆடும், ஆனால் பிள்ளை சொல்லும் பதில் அதற்குத் தேவையில்லை. பாட்டைப் போடுவதானால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டி ஆடுங்கள். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் 'இஸ்கூல்' என்று சொன்னாலும், நாலு பிள்ளைகளோடு பழகப் பழகப் பிள்ளை தானே சரிசெய்துகொள்ளும்.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டும் செயலும் கொண்டு கற்பிப்பது பணக்காரப் பள்ளிகளின் சொத்து என்று நினைப்பவர்கள், 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியதை மறந்துவிட்டார்கள். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியில் கண்ட பாட அட்டைகளும் கற்றல் ஏணிப்படிகளும் இங்கே வந்தன. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை வந்தது. 2007-08-ல் மாநிலம் முழுவதுக்கும் போயிற்று. அந்த வகுப்புகளில் பிள்ளைகளின் பயம் குறைந்ததை அன்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் ஆசிரியர் போதாத இடங்களில் பிள்ளையும் அட்டையும் மட்டும் மிஞ்சின, பேச ஆள் இல்லை. ஆங்கிலம் அங்கேதான் அடிபட்டது என்பது என் எண்ணம். 2022 ஜூனில், நமக்குப் பக்கத்திலேயே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து, பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாகத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் படித்தால், இன்று என்ன பாட்டு, என்ன விளையாட்டு என்று ஆசிரியரிடமே கேட்டு அதை வீட்டிலும் ஆடுங்கள். அதைக் கேட்டு வருகிற பெற்றோரைக் கண்டால் மனம் மகிழாத ஆசிரியர் இருக்க மாட்டார்.

கொடுங்கையூர் என்றதும் வெளியாட்களுக்கு நினைவு வருவது குப்பைமேடுதான். நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காக, குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025 மே மாதம் இந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். குப்பையைப் பிரிப்பது மற்ற பகுதிகளில் ஒரு நல்ல பழக்கம், இங்கே உயிர்ப் பிரச்சினை. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டையும் வைத்து வீட்டில் ஒரு விளையாட்டு ஆடலாம். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, "வெட் ஆர் ட்ரை?" வாழைப்பழத் தோல் எளிது. கழுவாத பால் கவர்? தேங்காய் ஓடு? அங்கே அம்மாவுக்கே சந்தேகம் வரும், பிள்ளை வாதாடும். அந்த வாதம் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் நடக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுப் பேச்சை முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். இரவில் கதை தமிழில்தான். பாட்டியின் பேச்சு, அப்பா வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லும் விதம், சண்டை, சமாதானம், கொஞ்சல் எல்லாம் தமிழில்தான். ஒரு விஷயத்தைத் தமிழில் காரணம் சொல்லி விளக்கத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு ஆங்கிலத்திலும் விளக்கும். சரியாக வராத ஆங்கிலத்தில் மட்டும் பேசி வளர்த்தால் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு அரைகுறை மொழிகள்.

உங்கள் தெருவில் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களில் ஆங்கிலச் சொல்லோ வாக்கியமோ வருகிறவற்றை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கேரம், கலர் கலர், பாண்டி, ஐஸ்பாய் என்று நமக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். காசிமேட்டில் ஒரு பெயரிலும் திருவொற்றியூரில் வேறு பெயரிலும் ஆடுவது எவ்வளவோ இருக்கும். ஆட்டத்தின் பெயர், எத்தனை பேர் ஆடுவது, என்ன சொல்லிக் கத்துவது, தோற்றவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தெரு என்ற விவரங்கள் இருந்தால் போதும். எழுத நேரமில்லாதவர்கள் பிள்ளைகளையே பேசவிட்டுக் குரலாகப் பதிந்து அனுப்பலாம். வந்தவற்றைத் தொகுத்து, ஒவ்வோர் ஆட்டத்தையும் வீட்டில் எப்படி ஆடுவது என்ற குறிப்போடு அடுத்த இதழில் இணைப்பாகத் தருகிறோம். அங்கன்வாடி ஊழியர்களும் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களும் எழுதினால் முதல் பக்கங்கள் அவர்களுக்குத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்